முன்சீப் கோர்ட்டில் தோற்றால் நேரே ஹைகோர்ட்டுக்குப் போகலாமா?

சிவகங்கை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: பாதைத் தகராறில் அப்பாவுக்கு எதிராக முன்சீப் கோர்ட்டில் தீர்ப்பாகிவிட்டது, கட்டிய சுவரை இடிக்கச் சொல்லி உத்தரவு, பத்து நாள் ஆகிறது. தீர்ப்புச் சொன்ன நீதிபதிக்கு மாறுதல் வந்துவிட்டதால் புதிதாக வருபவரிடம் சொல்லிப் பார்க்கலாம் என்கிறார் ஒரு உறவினர். இன்னொருவர் நேரே மதுரை ஹைகோர்ட்டுக்குப் போகச் சொல்கிறார். எது சரி?

இரண்டுமே சரியில்லைம்மா.

முன்சீப் என்பவர் சிவில் வழக்குகளுக்கான கீழ்மட்டக் கோர்ட்டின் நீதிபதி, டிஎன்பிஎஸ்சி தேர்வு எழுதி வருகிறவர், சில வருஷத்துக்கு ஒருமுறை ஊர் மாறிக்கொண்டே இருப்பார். அந்த மாறுதலைப் போடுவது ஹைகோர்ட். கீழ்க்கோர்ட்டுகள் முழுக்க அதன் கட்டுப்பாட்டில்தான் இருக்கின்றன, அரசியல் சட்டத்தின் 235வது பிரிவு அப்படிச் சொல்கிறது. கையெழுத்தான தீர்ப்பு அடுத்து வருபவரையும் கட்டும். எழுத்துப்பிழை, கணக்குப்பிழை இருந்தால் திருத்தலாம், அப்போது கைக்கு எட்டாத முக்கியமான ஆவணம் இப்போது கிடைத்தால் சீராய்வு மனு போடலாம். மற்றபடி அந்தக் கோர்ட்டில் உங்களுக்கு வேலை முடிந்தது.

இனி போக வேண்டிய இடம் சப் கோர்ட், அதாவது சார்பு நீதிமன்றம். முதல் மேல்முறையீடு அங்கேதான், 30 நாளுக்குள். அங்கேயும் தோற்றால் 90 நாளுக்குள் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளையில் இரண்டாம் மேல்முறையீடு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சுவர் எந்த சர்வே எண்ணில் நிற்கிறது, சர்வேயர் அளந்தது சரிதானா, இடத்தைப் பார்வையிடக் கோர்ட் அனுப்பிய வக்கீலான அட்வகேட் கமிஷனரின் ரிப்போர்ட்டில் பாதை எத்தனை அடி, வி.ஏ.ஓ. சாட்சிக் கூண்டில் என்ன சொன்னார் என்பதையெல்லாம் மறுபடி எடுத்து எடைபோடும் கோர்ட் சப் கோர்ட்தான். ஹைகோர்ட்டில், உரிமையியல் நடைமுறைச் சட்டம் 100வது பிரிவுப்படி, முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று இருந்தால்தான் மனுவையே எடுப்பார்கள். பெரிய கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று சப் கோர்ட்டை அசட்டையாக நடத்தி, பிறகு மதுரையில் போய் அழுதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நல்ல வக்கீல் வேண்டியது இப்போதுதான்.

சரி, முதல் வேலை என்ன? தீர்ப்புக்கும், அதன் முடிவைத் தனியே எழுதித் தரும் டிக்ரிக்கும் நகல் மனு. இது நீதிபதியிடம் போகிற வேலை இல்லை, அதே முன்சீப் கோர்ட் ஆபீஸில் நகல் பிரிவு என்று ஒரு மேஜை இருக்கும், அங்கே கொடுக்க வேண்டும். நான் சிரஸ்தாராக, அதாவது கோர்ட் ஆபீஸின் தலைமை அலுவலராக ஓய்வு பெற்றவன், அந்த மேஜையின் அருமை எனக்குத் தெரியும். சான்றிட்ட நகலை வாங்கிப் பாருங்கள், அதில் ஒரு முத்திரை குத்தியிருப்பார்கள்: மனு கொடுத்த தேதி, ஸ்டாம்ப் கேட்ட தேதி, ஸ்டாம்ப் கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, வாங்கிய தேதி. நகலுக்காகக் காத்திருந்த நாட்களை அந்த 30லிருந்து கழித்துக்கொள்ள அந்த முத்திரைதான் ஆதாரம். உங்கள் தாமதத்தால் போன நாளைக் கழிக்க மாட்டார்கள். ஒரு பெரியவர், ஸ்டாம்ப் கேட்டு நோட்டீஸ் போர்டில் தன் மனு எண் ஒட்டியிருந்ததைப் பார்க்காமல் ஊரிலேயே இருந்துவிட்டார். மூன்று வாரம் போயிற்று. அப்புறம் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனு, அதற்கு எதிர்த்தரப்பு ஆட்சேபம், அதற்கே பல மாதம் அலைந்தார்.

இன்னொன்று, அப்பீல் போட்டாலே தீர்ப்பு நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், நிற்காது. எதிர்த்தரப்பு நிறைவேற்று மனு போட்டு உத்தரவு வாங்கிவிட்டால் கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் ஊழியரான அமீனா சுவரை இடிக்க ஆளோடு வந்து நிற்கலாம், எதிர்ப்பு இருந்தால் போலீஸ் பாதுகாப்பும் கேட்டு வாங்குவார்கள். அதனால் அப்பீலோடு சேர்த்தே இடைக்காலத் தடை மனுவும் போகட்டும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும், இலவச சட்ட உதவி எண் 15100க்கும் போன் அடிக்கலாம். அப்பாவுக்கு வருமானம் பார்ப்பார்கள். வழக்கில் அம்மாவும் பிரதிவாதியாக இருந்தால், பெண் என்பதாலேயே அவருக்கு இலவச வக்கீல் உண்டு, வருமானம் கேட்க மாட்டார்கள்.

பத்து நாள் போய்விட்டது. நகல் மனு நாளைக் காலையிலேயே போகட்டும்.