உணவக ஃபிரான்சைஸ்: கிளையின் கல்லாவில் மிஞ்சுவது எவ்வளவு?

கேள்வி: எங்களுக்கு இரண்டு உணவகங்கள். இரண்டிலும் நல்ல கூட்டம். ஃபிரான்சைஸ் கொடுக்கத் தொடங்கலாமா, அதாவது எங்கள் பெயரில் கிளை நடத்தும் உரிமையை மற்றவர்களுக்குக் கொடுக்கலாமா?

பதில்: கூட்டத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரு கடையை 12 மாதம் சம்பள மேலாளரிடம் விட்டுவிடுங்கள். குடும்பத்தார் யாரும் கல்லாவில் உட்காரக் கூடாது. மாதாமாதம் விற்பனையில் 6% ராயல்டி (பெயருக்கும் முறைக்கும் கிளைக்காரர் கம்பெனிக்குக் கட்டும் பங்கு), 3% விளம்பர நிதி என்று நிஜமாகவே எடுத்து வேறு வங்கிக் கணக்கில் போடுங்கள். கட்டடம் சொந்தமானால், அந்தத் தெருவில் போகிற வாடகையையும் செலவில் எழுதுங்கள். இத்தனைக்குப் பிறகும் போட்ட முதல் மூன்று ஆண்டுகளில் திரும்பும் என்று கணக்கு சொன்னால் கிளை கொடுக்கலாம். முதலாளிகள் பலர் சறுக்குவது தங்கள் உழைப்புக்குச் சம்பளம் எழுதாததால்தான். அவர்கள் லாபம் என்று எண்ணுவது பல நேரங்களில் அவர்களுடைய கூலி. கிளை எடுப்பவருக்கு அது மிஞ்சாது.

கேள்வி: ராயல்டியை லாபத்தில் வாங்காமல் விற்பனையில் வாங்குகிறார்களே, இது நியாயமா?

பதில்: லாபத்தைச் செலவுக் கணக்கில் மறைத்துவிடலாம். பில் போட்ட விற்பனையை மறைப்பது கடினம். அதனால்தான் விற்பனையில் வாங்குகிறார்கள். ஆனால் இதில் ஒரு மோதல் இருக்கிறது. கணக்கு போட்டுப் பார்ப்போம்.

விற்பனை 100 என்று வையுங்கள். மூலப்பொருள் 30, சம்பளம் 28, வாடகை 9, மின்சாரம், எரிவாயு, பழுது 9, பொட்டலம் கட்டுவது 4, ராயல்டியும் விளம்பர நிதியும் 9. மிச்சம் 11. கடன் தவணையும் இதிலிருந்துதான். இப்போது விற்பனை 85 ஆக இறங்குகிறது. மூலப்பொருள் 25.5, பொட்டலம் 3.4, கம்பெனிக்கு 7.65 என்று இவை கூடவே குறையும். சம்பளம், வாடகை, மின்சாரம் மூன்றும் சேர்ந்த 46 அசையாது. மிச்சம் 2.45. விற்பனை 15% விழுந்தால் கம்பெனியின் வருமானமும் 15% விழுகிறது; கிளைக்காரரின் வருமானமோ முக்கால் பங்குக்கு மேல் போய்விடுகிறது.

பக்கத்துத் தெருவில் இன்னொரு கிளை திறந்தால் நடப்பதும் இதேதான். புதிய கிளை 70 விற்கிறது, அதில் 15 பழைய கிளையின் வாடிக்கையாளர்கள் கொடுத்தது என்றால், மொத்த விற்பனை 155. ராயல்டி ஏறிவிட்டது, பழைய கிளை மூச்சுத் திணறுகிறது. ஆகவே வேறு கிளை திறக்கக் கூடாத எல்லை எத்தனை கிலோமீட்டர் என்று ஒப்பந்தத்தில் எண்ணில் எழுதி வாங்குங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஆர்டர்களும் அந்த எல்லைக்குள் அடக்கமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இதைப் பலர் மறக்கிறார்கள்.

கேள்வி: ராயல்டியை 2% ஆக்கினால் கிளைகள் வேகமாகப் பெருகாதா?

பதில்: பெருகும். அவற்றைக் கவனிக்க ஆள் வைக்கத்தான் பணம் இருக்காது. மெக்டொனால்ட்ஸை 1955 முதல் பரப்பிய ரே க்ராக் வாங்கியது விற்பனையில் 1.9%. அதிலும் 0.5% கடையைத் தொடங்கிய மெக்டொனால்ட் சகோதரர்களுக்குப் போனது. கிளைகள் கூடியும் கம்பெனியில் காசில்லை. 1956-இல் க்ராக்கின் நிதிப் பொறுப்பாளர் ஹாரி சோனபார்ன் யோசனைப்படி, இடத்தைக் கம்பெனியே குத்தகைக்கு எடுத்துக் கிளைக்காரருக்குக் கூடுதல் வாடகைக்கு விடத் தொடங்கினார்கள். நிமிர்ந்தது அந்த வாடகையால்தான். க்ராக் இன்னொன்றிலும் உறுதியாக இருந்தார்: கிளைகளுக்குச் சரக்கு விற்று லாபம் பார்க்கவில்லை. குறைந்த ராயல்டி காட்டிவிட்டு மாவிலும் எண்ணெயிலும் விலையேற்றி எடுக்கும் கம்பெனிகளை நம்பாதீர்கள். அங்கே கிளைக்காரர் வெளியில் வாங்க ஆரம்பிப்பார், ருசி கெடும்.

கேள்வி: அதே அளவு, அதே பொருள். ஆனாலும் புதுக் கிளையில் ருசி மாறுகிறது. ஏன்?

பதில்: பாத்திரத்தின் வாய் அகலம், அடுப்பின் வேகம் இரண்டையும் பாருங்கள். வாய் அகன்றால் நீர் சீக்கிரம் ஆவியாகி உப்பும் காரமும் தூக்கும். அளவை இரட்டிப்பாக்கினால் ஆவியாவது இரட்டிப்பாகாது, சாறு நீர்த்துவிடும். அதனால் கையேட்டில் ‘40 நிமிடம் கொதிக்க விடவும்’ என்று எழுதாமல், ‘20 கிலோ கலவை 14 கிலோவாகும் வரை’ என்று எடையில் எழுதுங்கள். கரண்டிக் கணக்கு வேண்டாம், எல்லாம் கிராமில். தண்ணீரின் உப்புத்தன்மையும் ருசியை மாற்றும். எல்லாக் கிளைக்கும் ஒரே வகை வடிகட்டி கொடுங்கள். குளிர்ப்பெட்டி 5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே, சூடாக வைத்திருப்பவை 60-க்கு மேலே; தினமும் இரு வேளை எழுதிவைக்க வேண்டும்.

கேள்வி: ‘ஒரே ஆண்டில் 100 கிளைகள்’ என்று விளம்பரம் பார்த்தேன். பணம் போடலாமா?

பதில்: அமெரிக்காவில் பாஸ்டன் சிக்கன் என்ற கோழி உணவகத் தொடர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகளோடு 1998-இல் திவாலானது. வட்டாரக் கிளைக்காரர்களுக்குக் கம்பெனியே கடன் கொடுத்தது. அவர்கள் கட்டிய கட்டணமும் வட்டியும் கம்பெனியின் வருமானமாகத் தெரிந்தன. கிளைகளின் நஷ்டமோ கம்பெனியின் ஏட்டில் ஏறவில்லை.

ஆகவே திறந்தவை எத்தனை என்பதோடு நிறுத்தாமல், மூன்று ஆண்டுகளில் மூடியவை எத்தனை, கைமாறியவை எத்தனை, கம்பெனியே திரும்ப எடுத்துக்கொண்டவை எத்தனை என்று கேளுங்கள். அமெரிக்கச் சட்டப்படி இந்த விவரங்கள் அடங்கிய ஆவணத்தைக் கையெழுத்துக்கு 14 நாள் முன்பே கொடுத்தாக வேண்டும். எந்த நாட்டிலிருந்தாலும் நீங்கள் கேட்கலாம். கைமாறியவற்றைக் குறிப்பாகத் துருவுங்கள். நொடித்த கிளையை இன்னொருவர் தலையில் கட்டினாலும் எண்ணிக்கை குறையாது. ஓராண்டுக்கு மேல் நடக்கும் கிளைகளின் விற்பனை மட்டும் ஏறியதா, இறங்கியதா என்பதையும் தனியாகக் கேளுங்கள். விலகிப்போன கிளைக்காரர்கள் நான்கைந்து பேரிடமாவது பேசாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஐந்து ஆண்டில் ஐந்து கிளை திறப்பதாக ஒப்புக்கொண்டால் கட்டணம் குறைவு என்கிறார்கள்.

பதில்: முதல் கிளை ஓராண்டு ஓடி லாபம் காட்டிய பிறகே இரண்டாவதற்குக் கெடு தொடங்கும் என்று எழுதினால் சரி. இல்லையென்றால் நஷ்டத்தில் இருக்கும்போதே அடுத்த கடைக்குக் கடன் வாங்க நேரும்.