வர்க்கமூலக் கணக்கில் இரண்டு விடை வந்தால்

வணக்கம் சகோதரி. பன்னிரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு அமெரிக்கச் சமுதாயக் கல்லூரியில் இடைநிலை இயற்கணிதம் படிக்கிறீர்கள். வர்க்கமூலச் சமன்பாட்டுக்கு 3, -2 என இரு விடை எழுதியதால் மதிப்பெண் போய்விட்டது என்கிறீர்கள். இருபுறமும் வர்க்கப்படுத்திக் காரணிப்படுத்தியது சரிதான். ஓர் எண்ணோடு 6 கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் அதே எண் வர வேண்டும், அதுதானே கணக்கு? 3 வைத்தால் 9-இன் வர்க்கமூலம் 3, பொருந்துகிறது. -2 வைத்தால் 4-இன் வர்க்கமூலம் 2, -2 அல்ல. இருபுறமும் வர்க்கப்படுத்தும்போது மைனஸ் குறி அழிந்துவிடுகிறது. அந்தச் சந்தில் போலி விடை நுழைந்துவிடுகிறது. பள்ளியில் ‘சரிபார்த்தல்’ என்று சம்பிரதாயமாகக் கடைசியில் எழுதுவோமே, இங்கே அதுதான் பாதிக் கணக்கு. வர்க்கப்படுத்தும் முன் இருந்த முதல் சமன்பாட்டிலேயே வைத்துப் பாருங்கள். வர்க்கப்படுத்திய வரியில் வைத்தால் -2-உம் பொருந்தித் தொலைக்கும்.