பேட்ச் அனுப்பினால் பிழைப்பு நடக்குமா?

தனியாக வெப்சைட் வேலை எடுத்துச் செய்துகொண்டே திறமூல மென்பொருள் (நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும் ஓப்பன் சோர்ஸ்) சமூகத்திலும் இருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்கிறேன். பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: கம்பெனி வேலையை விட்டுவிட்டு எட்டு மாதமாக ஃப்ரீலான்ஸ் வெப் டெவலப்பராக இருக்கிறேன். வெப்சைட் கட்டும் மென்பொருள்களான ட்ரூபல், வேர்ட்பிரஸ் இரண்டும் தெரியும். ‘ஓப்பன் சோர்ஸில் பங்களித்தால் கிளையன்ட் தானாக வருவார்’ என்று எல்லாரும் சொன்னதை நம்பி, தினமும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேட்ச் (சின்ன நிரல் திருத்தம்) எழுதி அனுப்புகிறேன். பாதிக்கு யாரும் பதில்கூடப் போடுவதில்லை. வேலையும் வரவில்லை. எங்கே தப்பு செய்கிறேன்?

தப்பு உங்களிடம் இல்லை, உங்களுக்குப் பாதி உண்மையை மட்டும் சொல்லியிருக்கிறார்கள். கிளையன்ட் யார் என்று யோசித்துப் பாருங்கள். கடை நடத்துகிறவர், பள்ளி நடத்துகிறவர், ஒரு சின்ன நிறுவனத்தின் மேலாளர். அவர்கள் யாரும் குறைகளைப் பதிவு செய்யும் இஷ்யூ பட்டியலைத் திறந்து உங்கள் பேட்ச் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போவதில்லை. பார்ப்பது உங்களைப் போன்ற இன்னொரு டெவலப்பர்தான். அதனால் சமூகத்தின் வழியாக வரும் வேலை பெரும்பாலும் ஒரு கை மாறித்தான் வரும்: தன்னால் முடிக்க முடியாத அளவுக்கு வேலை சேர்ந்துபோன ஒரு டெவலப்பரோ சின்ன ஏஜென்சியோ ‘இந்த மாட்யூலை (ட்ரூபலில் சேர்க்கும் துணைப் பகுதி) நன்றாகத் தெரிந்தவர் யார்’ என்று தேடும்போது உங்கள் பெயர் ஞாபகம் வரவேண்டும். எனக்கு வந்த நல்ல வேலைகளில் முக்கால்வாசி அப்படி வந்தவைதான்.

அந்த ஞாபகம் எண்ணிக்கையால் வருவதில்லை. இருபது மாட்யூல்களுக்கு தலா ஒரு பேட்ச் அனுப்பியவரைவிட, ஒரே மாட்யூலில் ஆறு மாதம் சுற்றிச் சுற்றி வந்தவரைத்தான் ஆட்கள் நினைவில் வைத்திருப்பார்கள். பேட்சைச் சரிபார்க்கும் ரிவ்யூவில் ‘இது சரியில்லை’ என்று வந்தபோது அவர் கோபித்துக்கொண்டாரா, காணாமல் போனாரா, அல்லது திருத்தி மறுபடி அனுப்பினாரா என்பதையும் கவனிப்பார்கள். வேலைக்கு எடுக்கும்போது அவர்களுக்குத் தெரிய வேண்டியதும் அதுதானே.

அப்புறம், பேட்ச் ஏன் அப்படியே கிடக்கிறது? நீங்கள் உழைத்து அனுப்பியது, அந்த மாட்யூலைப் பராமரிக்கும் மெயின்டெய்னருக்கு இன்னொரு வேலையாகத்தான் போய்ச் சேர்கிறது. அவருக்கும் பகலில் சம்பள வேலை இருக்கும். அவர் அதைப் படித்து, ஓட்டிப் பார்த்து, வேறு எங்கும் எதையும் உடைக்கவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். ட்ரூபலில், எழுதியவரைத் தவிர வேறொருவர் ஓட்டிப் பார்த்து ‘சமூகம் பரிசோதித்தது’ என்ற நிலைக்கு மாற்றிய பிறகே ஒரு திருத்தம் உள்ளே சேரும் என்பது வழக்கம். எழுத ஆள் நிறைய, பரிசோதிக்க ஆள் குறைவு. ஆகவே கொஞ்ச நாளைக்கு எழுதுவதைக் குறைத்து, மற்றவர்களின் பேட்சை ஓட்டிப் பார்த்து, எந்தப் பதிப்பில் எந்தப் படிகளைச் செய்தீர்கள், என்ன நடந்தது என்று எழுதுங்கள். இரண்டு மாதத்தில் உங்களுக்குப் பதில் வரும் வேகமே மாறியிருக்கும்.

இன்னொன்று சொல்கிறேன், என் பார்வையில் இதுதான் முக்கியம். சம்பாதிக்கும் வேலை தனி, சமூக வேலை தனி என்று பிரித்து வைக்காதீர்கள். காசு வாங்கிச் செய்யும் வேலையில் உங்களுக்கு இடித்த குறையை மட்டும் எடுத்துச் சரிசெய்து அந்த மென்பொருளின் மூலத் திட்டத்துக்கே அனுப்புங்கள். அதற்கான நேரத்தை அந்த வேலையின் கணக்கிலேயே சேருங்கள். தினமும் இரண்டு மணி நேரம் இலவசமாக உழைத்துக்கொண்டு யாராலும் வருடக்கணக்கில் தாக்குப்பிடிக்க முடியாது.

கேள்வி: காசு வாங்கிச் செய்யும் வேலையில் சரிசெய்த குறையை மூலத் திட்டத்துக்கும் அனுப்புவேன் என்று என் கிளையன்டிடம் சொன்னேன். ‘நான் காசு கொடுத்து எழுதவைத்த நிரலை ஊருக்கெல்லாம் கொடுப்பீர்களா?’ என்று கேட்டுவிட்டார். என்ன பதில் சொல்வது?

நியாயமான கேள்வி, அவர் மேல் வருத்தப்படாதீர்கள். அவருடைய தொழிலுக்கே உரிய பகுதி, அதாவது விலை போடும் முறை, வாடிக்கையாளர் விவரம், உள்ளே நடக்கும் ஒப்புதல் வரிசை, இவை எதையும் வெளியே கொடுக்கத் தேவையில்லை என்று முதலில் சொல்லுங்கள். ட்ரூபலும் வேர்ட்பிரஸும் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தின் கீழ் வருபவை. அந்த உரிமத்தில் மூலநிரலைக் கொடுக்கும் கடமை தொடங்குவது மென்பொருளை இன்னொருவருக்கு விநியோகிக்கும்போதுதான். தன் சொந்த சர்வரில் தளத்தை ஓட்டுகிறவர் அதன் நிரலை உலகுக்குக் காட்ட வேண்டியதில்லை. ஏஜிபிஎல் என்று இன்னொரு உரிமம் இருக்கிறது, அது வேறு கதை. அதில் மென்பொருளை மாற்றி நெட்வொர்க் வழியாக மற்றவர்களைப் பயன்படுத்த வைத்தாலே, மாற்றிய மூலநிரல் அவர்களுக்குக் கிடைக்கும்படி செய்ய வேண்டும். எந்த உரிமம் என்று வேலை தொடங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

வெளியே கொடுப்பது பொதுவான குறைக்கான திருத்தத்தை மட்டும். அது ஏன் அவருக்கு லாபம் என்பதற்கு என் அனுபவத்தையே சொல்கிறேன். ஆரம்ப நாட்களில் ஒரு கிளையன்ட் தளத்தில், ப்ளகினின் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை மென்பொருள்) உள்ளேயே கைவைத்து நாலு வரி மாற்றி ஒரு கோளாறைச் சரிசெய்தேன். மூலத்துக்கு அனுப்பவில்லை, எங்கும் குறித்தும் வைக்கவில்லை. சில மாதம் கழித்து ப்ளகின் அப்டேட் ஆனது, என் நாலு வரியும் அழிந்தது, ஆர்டர் படிவம் மூன்று நாள் வேலை செய்யாமல் இருந்தது யாருக்கும் தெரியவில்லை. அந்த மூன்று நாள் நஷ்டம் அவருடையது, காரணம் நான். திருத்தம் மூலத்திலேயே சேர்ந்துவிட்டால் அடுத்த அப்டேட்டில் அது தானாகவே வந்துவிடும், அதைப் பராமரிக்க அவர் மறுபடி யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். இப்படி விளக்கினால் பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்கிறார்கள்.

ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி சேருங்கள்: ‘பொதுப் பயன்பாட்டு மென்பொருளில் செய்யும் குறைதிருத்தங்கள் அதன் மூலத் திட்டத்துக்கு அனுப்பப்படும்.’ வேலைக்கு முன்னால் கேட்டால் சம்மதிப்பார்கள், முடிந்த பிறகு கேட்டால் சந்தேகப்படுவார்கள். ட்ரூபலில் 2015 முதல் ஒரு திருத்தத்தை யார் செய்தார், எந்த நிறுவனத்தின் சார்பில், எந்த கிளையன்டுக்காக என்றும் பதிவு செய்ய முடிகிறது. தன் நிறுவனத்தின் பெயர் அங்கே வருவதில் சிலருக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

கேள்வி: தளத்தை முடித்துக் கொடுத்த பிறகும் அப்டேட் போடச் சொல்லி போன் வந்துகொண்டே இருக்கிறது. இதற்குத் தனியாகக் காசு கேட்கலாமா?

கேட்டே ஆகவேண்டும். 2014 அக்டோபர் 15 அன்று ட்ரூபல் 7-இல் இருந்த ஒரு எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் ஓட்டைக்கு (வெளியாள் தரவுத்தளத்துக்குள் கட்டளை புகுத்த விடும் பாதுகாப்புக் குறை) திருத்தம் வெளியானது. இரண்டு வாரம் கழித்து பாதுகாப்புக் குழு ஒரு எச்சரிக்கை விட்டது: திருத்தம் வந்த ஏழு மணி நேரத்துக்குள் அதைப் போடாத தளங்கள் எல்லாமே ஊடுருவப்பட்டுவிட்டதாகவே எண்ணிச் செயல்படுங்கள் என்று. ஏழு மணி நேரம் என்பது ஒருவர் தூங்கி எழும் நேரம். அந்த நேரத்துக்கு யாராவது பொறுப்பாக இருக்க வேண்டும் என்றால் அதற்கு மாதாமாதம் ஒரு தொகை உண்டு, இல்லையென்றால் பொறுப்பும் இல்லை. இதை முதல் நாளே எழுத்தில் வைத்துவிடுங்கள். தனி ஆளாக இருந்தால் உங்களுக்குக் காய்ச்சல் வரும் நாளும் உண்டு, ஆகவே சமூகத்தில் நம்பிக்கையான ஒருவருடன் ‘உன் தளங்களை நான் பார்க்கிறேன், என் தளங்களை நீ பார்’ என்று பேசி, கிளையன்டிடமும் சொல்லிவிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் எழுதி வெளியிட்ட ஒரு சின்ன ப்ளகினைப் பல ஆயிரம் பேர் பயன்படுத்துகிறார்கள். ராத்திரி பகலாக ‘ஏன் இன்னும் சரிசெய்யவில்லை’ என்று திட்டி எழுதுகிறார்கள். விட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை.

இந்தக் கடிதத்தைப் படித்தபோது மனம் கனத்துவிட்டது. நீங்கள் யாருக்கும் கடன்பட்டிருக்கவில்லை. உரிமத்திலேயே ‘உத்தரவாதம் எதுவும் இல்லை’ என்று எழுதியிருக்கும், பயன்படுத்துகிறவர்களுக்கு அந்த நிபந்தனையோடுதான் கிடைத்திருக்கிறது. முன்பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்: வாரத்தில் இந்த ஒரு நாள்தான் பார்ப்பேன், பாதுகாப்புக் குறை மட்டும் உடனே, அவசரமாக வேண்டியவர்கள் கட்டணம் கொடுத்துக் கேட்கலாம். திட்டுகிறவர்களுக்குப் பதில் சொல்லாமல் இஷ்யூவை மூடிவிடுவதில் எந்தக் குற்றமும் இல்லை.

ஆனால் களைப்பில் யாரிடமாவது சாவியைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளில் நடந்தது அதுதான். அதைத் தனியாகப் பராமரித்துவந்தவர் மனநலச் சிக்கலோடு போராடிக்கொண்டிருந்தார், ‘ஏன் தாமதம்’ என்ற நச்சரிப்பு வேறு. பொறுமையாக நல்ல பேட்ச் அனுப்பிவந்த ஒருவர் கூட்டுப் பராமரிப்பாளர் ஆகி, முதல் பேட்ச் அனுப்பி இரண்டு வருடத்துக்கும் மேலான பிறகு உள்ளே ஒரு கள்ளக் கதவை வைத்தார். 2024 மார்ச்சில், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற டெவலப்பரால்தான் அது வெளியே தெரிந்தது. நான் இதில் அந்தப் பராமரிப்பாளரைக் குறைசொல்ல மாட்டேன், அவரைத் தனியாக விட்ட நாம் எல்லாரும்தான் காரணம். உங்களால் முடியவில்லை என்றால் ‘இனி பராமரிப்பு இல்லை’ என்று வெளிப்படையாக எழுதிக் காப்பகமாக்கிவிடுங்கள். வேண்டியவர் ஃபோர்க் செய்து, அதாவது நகலெடுத்து, தன் பெயரில் நடத்தட்டும்.

கேள்வி: எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. பங்களிக்க முடியுமா?

தாராளமாக முடியும். இஷ்யூவில் யாரும் இலக்கியம் எதிர்பார்ப்பதில்லை. மென்பொருளின் பதிப்பு எண், பிஎச்பி (அது ஓடும் நிரல்மொழி) பதிப்பு எண், என்ன செய்தீர்கள், என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும், கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட். சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். ஆங்கிலம் நன்றாக வரும் பலர் அனுப்பும் ‘வேலை செய்யவில்லை’ என்ற ஒற்றை வரியைவிட மெயின்டெய்னருக்கு இது பல மடங்கு உதவும். வேர்ட்பிரஸ், ட்ரூபல் இரண்டுக்குமே தமிழ் மொழிபெயர்ப்பு நடக்கிறது, அங்கே உங்கள் தமிழே போதும். நீங்கள் தினமும் பயன்படுத்தும் ப்ளகினின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, இன்னும் ஆங்கிலத்திலேயே இருக்கும் வரிகளிலிருந்து ஆரம்பியுங்கள்.