வசூலான பணம் எங்கே?

அன்புள்ள ஐயா,

விமானப் பயணத்தை நிறுத்திவிட்டேன், காரையும் விற்றுவிட்டேன். சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள், யாரும் மாறுவதாக இல்லை. கார்பன் உமிழ்வைக் குறைக்க அணுமின்சாரம் சரியா, சூரிய மின்சாரம் சரியா? எரிக்கும் எரிபொருளுக்கு ஏற்பக் கார்பன் வரி என்கிறார்களே, அது ஏழைகளைத் தண்டிப்பதுதானே? சந்தை எதையும் சரிசெய்யாது என்பது என் எண்ணம்.

கே.

அன்புள்ள கே.,

சிரிப்பவர்களை விடுங்கள். சொன்னதைச் செய்கிறீர்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கூடவே மற்றவர்களுக்கு மார்க் போடவும் ஆரம்பித்துவிட்டீர்கள். பஸ் வராத இடத்தில் இருப்பவர் எப்படிக் காரை விற்பார்?

அணுவா சூரியனா என்பதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். எதைக் கட்டினாலும் முதலில் மூட வேண்டியது நிலக்கரியை. ஜெர்மனி 2023 ஏப்ரலில் தன் கடைசி மூன்று அணு உலைகளை மூடியபோது அங்கே நிலக்கரி எரிந்துகொண்டுதான் இருந்தது. சந்தையைப் பற்றிய உங்கள் வாக்கியத்துக்குப் பதில் சொல்லப்போவதில்லை, அது மேடைப் பேச்சு.

கார்பன் வரிக்கு வருகிறேன். கொஞ்ச காலமாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருப்பது அதுதான். “ஏழைகளைத் தண்டிப்பதுதானே?” என்று தீர்ப்பெழுதிவிட்டு ஒரு கேள்விக்குறியை ஒட்டியிருக்கிறீர்கள். வசூலாகும் பணம் எங்கே போகிறது என்று கேட்கத் தோன்றவில்லையா?

கணக்கு எளிது. வசதியானவர் பத்துப் பங்கு எரிக்கிறார், இல்லாதவர் இரண்டு பங்கு. வரியும் அப்படியே, பத்தும் இரண்டும். மொத்தம் பன்னிரண்டைத் தலைக்கு ஆறாகத் திருப்பிக் கொடுங்கள். இரண்டு கொடுத்தவர் கைக்கு ஆறு வருகிறது. எரிபொருள் விலை ஏறியே இருப்பதால், குறைவாக எரிக்க இருவருக்குமே காரணம் இருக்கிறது. திருப்பிக் கொடுக்காமல் கஜானாவில் போட்டால்தான் நீங்கள் சொல்வது நடக்கும்.

பிரான்ஸில் நடந்தது அதுதான். 2018 தொடக்கத்தில் பணக்காரர்கள் மீதான பழைய சொத்து வரியை எடுத்துவிட்டு, அசையாச் சொத்துக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். அதே ஆண்டு எரிபொருள் வரியை இன்னும் ஏற்றப் பார்த்தார்கள். நவம்பரில் மஞ்சள் அங்கி போட்ட போராட்டக்காரர்கள் சாலைக்கு வந்தார்கள், டிசம்பரில் அரசு பின்வாங்கியது. அவர்கள் பூமிக்கு விரோதிகள் இல்லை ஐயா, கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள்.

ஸ்வீடன் 1991-லேயே கார்பன் வரி போட்டது. அதே சமயம் வருமான வரியைக் குறைத்தது. (தொழிற்சாலைகளுக்கு வெகுகாலம் சலுகை விகிதம் கொடுத்ததையும் சொல்லிவிட வேண்டும்.) வீடுகளைச் சூடாக்க எண்ணெயை விட்டுவிட்டு, ஊருக்கே பொதுவான வெந்நீர்க் குழாய்களுக்கு மாற அங்கே வழி இருந்தது. மாற வழி இல்லாத இடத்தில் விலையை மட்டும் ஏற்றினால் வசவுதான் மிஞ்சும்.

என்னை அதிகம் உறுத்துவது கனடா. 2019-இல் எரிபொருள் கட்டணம் என்ற பேரில் தொடங்கிய கார்பன் வரியில் பெரும்பகுதியைக் குடும்பங்களுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் எப்படி? முதலில் வருமான வரிக் கணக்குக்குள் ஒரு பதிவாக, 2022-லிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கியில். கட்டணம் பெட்ரோல் பங்க்கில் ஒவ்வொரு முறையும் கண்ணில் பட்டது, திரும்பி வந்த பணம் பலருக்கு எதற்கென்றே தெரியவில்லை. வரியை ஒழிப்போம் என்ற கோஷம் எடுபட்டது. 2025 ஏப்ரல் 1 முதல் நுகர்வோருக்கான கட்டணமே இல்லை. கொடுத்தும் கெட்ட பேர்! கார்பனுக்கான பங்கு என்று பெரிய எழுத்தில் அச்சடித்து, காசோலையாக வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். தபால் செலவு ஒரு பெரிய காசா?

அடுத்த கடிதத்தில் என் பன்னிரண்டில் தப்பிருந்தால் காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன். ஏழைகளைத் தண்டிப்பது என்ற பல்லவியை மட்டும் மறுபடி எடுக்காதீர்கள்.