கரீபியன் மருத்துவக் கடனா, கல்லூரி பேஸ்பால் பயிற்சியா?

டெக்சாஸில் நெடுங்காலமாக வசிக்கும் ஒரு தமிழ்த் தாய் எழுதியிருக்கிறார். அங்கேயே பிறந்து வளர்ந்த அவருடைய மகன் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மூன்று அடுக்குகளில் கடைசியான டிவிஷன் 3 பிரிவைச் சேர்ந்த சிறிய கல்லூரி ஒன்றில் மூன்றாம் ஆண்டு உயிரியல் படிக்கிறான். கல்லூரியின் பேஸ்பால் அணியில் கேட்சர், அதாவது மட்டையாளருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவன். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் சேரும் அளவுக்கு மதிப்பெண் இல்லை என்பதால், கரீபியன் தீவு ஒன்றில் கடன் வாங்கியாவது மருத்துவம் படிக்க வைப்பது என்று தந்தையும் கோவையில் இருக்கும் பெரியப்பாவும் முடிவு செய்திருக்கிறார்கள். மகனோ கல்லூரி அணியின் பயிற்சியாளராக வேண்டும் என்கிறான். "பந்து பொறுக்கவா இவ்வளவு தூரம் போனீர்கள்?" என்று பெரியப்பா தொலைபேசியில் கேட்ட நாளிலிருந்து வீட்டில் தந்தையும் மகனும் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம்.

அம்மா, உங்கள் கலக்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஆறுதல் சொல்லி இந்தப் பதிலை நீட்ட எனக்கு விருப்பமில்லை. கரீபியன் மருத்துவப் படிப்பு வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முதல் காரணம் பணம். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் கல்விக் கடனுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் என்று உச்சவரம்பு வைக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் அனுப்பிய கணக்கு, தங்கும் செலவையும் சேர்த்து, அதைத் தாண்டுகிறது. மிச்சத்தைத் தனியார் வங்கியில்தான் வாங்க வேண்டும். அதற்கு உங்கள் கணவர் இணைக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கும் போதாவிட்டால் வீட்டின் மீது கை வைக்க வேண்டும். படித்து முடித்த பிறகு அமெரிக்க மருத்துவமனைகளில் ரெசிடென்சி எனப்படும் பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சி இடம் கிடைத்தால்தான் மருத்துவராகத் தொழில் செய்ய முடியும். அந்த இடம் அமெரிக்கக் கல்லூரிகளில் படித்தவர்களுக்குக் கிடைக்கும் விகிதத்தில் வெளிநாட்டில் படித்துத் திரும்புபவர்களுக்குக் கிடைப்பதில்லை. படிப்பின் மீது தீராத ஆசை கொண்ட பிள்ளைக்கே இது கடினமான பாதை. உங்கள் மகனுக்கு அந்த ஆசை இல்லை என்பதை நீங்களே கடிதத்தில் இரண்டு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். வங்கி கேட்கப்போவது உங்கள் கணவரின் கையெழுத்தை; பெரியப்பாவுடையதை அல்ல.

எம்பிஏ, டேட்டா சயன்ஸ் போன்றவற்றைப் பற்றி உங்களுக்கு என்னைவிட உறவினர்கள் நிறையவே சொல்லியிருப்பார்கள். ஆகவே அவற்றை விட்டுவிட்டு, உங்கள் வீட்டில் யாரும் விசாரிக்காத ஒரு வழிக்கு வருகிறேன்.

டிவிஷன் 2, டிவிஷன் 3 கல்லூரிகள் பலவற்றிலும், என்ஏஐஏ என்ற தனி விளையாட்டு அமைப்பைச் சேர்ந்த சிறிய கல்லூரிகள் பலவற்றிலும் "கிராஜுவேட் அசிஸ்டன்ட்" என்ற பயிற்சியாளர் பணி உண்டு. இரண்டாண்டு முதுகலைப் படிப்பின் கட்டணத்தை முழுவதுமாகவோ ஒரு பகுதியோ கல்லூரி தள்ளுபடி செய்யும்; கைச்செலவுக்குச் சிறு உதவித்தொகை தரும்; சில இடங்களில் அறையும் உணவும் சேர்த்துக் கிடைக்கும். பதிலுக்குப் பையன் அணிக்காக உழைக்க வேண்டும். அந்த உழைப்பு என்னவென்று பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது. விடியற்காலையில் மைதானத்து மண்ணை இழுத்துச் சமப்படுத்துவது, பிட்சர் (பந்து வீசுபவர்) நிற்கும் மேட்டில் குழிந்த இடங்களில் களிமண்ணை அடைத்து இடித்து இறுக்குவது, மழை வந்தால் தார்ப்பாயை இழுத்து மூடுவது என்று நாள் தொடங்கும். பயிற்சியின்போது ஃபங்கோ எனப்படும் மெலிந்த, நீளமான மட்டையால் களத்தடுப்பாளர்களுக்கு நூற்றுக்கணக்கான பந்துகளை அடித்துக் கொடுக்க வேண்டும். ஷார்ட்ஸ்டாப்பின் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் களத்தடுப்பாளர்) இடப்பக்கம் இரண்டு எட்டு தள்ளிப் போக வேண்டிய பந்து, கேட்டபோதெல்லாம் அதே இடத்துக்குப் போக வேண்டும். பிறகு ஒவ்வொரு பிட்சரும் எத்தனை பந்து வீசினார், எந்த வேகத்தில், எந்தச் சுழற்சியில் என்று ரப்சோடோ கருவி தரும் எண்களைப் பதிந்து, மறுநாள் யாரை வீச விடலாம், யாருடைய தோளுக்கு ஓய்வு தேவை என்று தலைமைப் பயிற்சியாளரிடம் சொல்ல வேண்டும். இரவில், அணியில் சேர்க்க நினைக்கும் உயர்நிலைப் பள்ளி வீரர்களின் பெற்றோர்களோடு தொலைபேசிப் பேச்சு. இவற்றுக்கு நடுவில்தான் சொந்த வகுப்பும் தேர்வும்.

கேட்சராக ஆடியவனுக்கு இதில் ஓர் இயல்பான முன்தயாரிப்பு உண்டு. அணியின் மற்ற எட்டுப் பேரையும் எதிர்முகமாகப் பார்த்தபடி ஆடுபவன் அவன் ஒருவனே. எந்தப் பந்தை வீசச் சொல்வது என்று ஆட்டம் முழுக்க யோசிப்பவனும் அவனே. கூட ஆடும் இளையவர்களுக்கு அவன் சனிக்கிழமைகளில் தானாகவே சொல்லிக் கொடுக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். என் பார்வையில் அவனுடைய மதிப்பெண் பட்டியலைவிட இந்த வரிக்கே எடை அதிகம்.

பெரிய ஆட்டக்காரனாக இருந்தவனுக்குத்தான் இந்தத் தொழில் என்பதும் சரியல்ல. வேண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்கு 2014, 2019 ஆண்டுகளில் டிவிஷன் 1 தேசியப் பட்டமான காலேஜ் வேர்ல்ட் சீரிஸை வென்று தந்த பயிற்சியாளர் டிம் கார்பின், டிவிஷன் 3 கல்லூரியான ஒஹாயோ வெஸ்லியனில் ஆடியவர். முதுகலை முடித்து, தென் கரோலினாவின் சின்னஞ்சிறு பிரெஸ்பிடேரியன் கல்லூரியில் தலைமைப் பயிற்சியாளராக இருந்து, கிளெம்சனில் உதவியாளராகப் பல ஆண்டு உழைத்த பிறகே அந்த இடத்துக்கு வந்தார். டென்னசி பல்கலைக்கழக அணியை 2024-இல் அதே பட்டத்துக்குச் சாம்பியனாக்கிய பயிற்சியாளர் டோனி விட்டெலோ தொழில்முறை ஆட்டம் ஆடியவரே இல்லை. 2025-இல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் என்ற தொழில்முறை அணி அவரை மேலாளராக (தலைமைப் பயிற்சியாளராக) நியமித்தது. உச்சியில் இருப்பவர்கள் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் வாங்குகிறார்கள். ஆனால் அந்த எண்ணைக் காட்டிப் பெரியப்பாவை வாயடைக்க முயல வேண்டாம், ஏனென்றால் பெரும்பாலான உதவிப் பயிற்சியாளர்களின் நிலை அதுவல்ல. 2023 ஜூலை வரை டிவிஷன் 1 அணிகளிலேயே ஓர் உதவியாளர் "தன்னார்வலர்" என்ற பெயரில் கல்லூரிச் சம்பளம் இல்லாமல் வேலை செய்தார். அந்த விதி நீங்கிய பிறகுதான் மூன்று உதவியாளர்களுக்கும் சம்பளம் கொடுக்க வழி பிறந்தது. பிப்ரவரி முதல் மே வரை வார இறுதி என்பதே இருக்காது. அணி தோற்றால் வேலை போகும். மாநிலம் விட்டு மாநிலம் மாற வேண்டியிருக்கும். இவற்றையெல்லாம் தெரிந்துகொண்டே அவன் கேட்கிறானா என்று உட்கார வைத்துக் கேளுங்கள்.

உங்கள் மகனுக்கும் கண்டிப்பாகச் சில சொல்ல வேண்டியிருக்கிறது. கட்டணம் முழுவதும் தள்ளுபடியாகும் இடத்தை மட்டுமே ஏற்க வேண்டும். பாதித் தள்ளுபடி என்று ஆசை காட்டி மீதிக்குக் கடன் வாங்கச் சொல்லும் கல்லூரிக்குப் போகக் கூடாது. தள்ளுபடி எத்தனை பருவத்துக்கு என்பது எழுத்தில் வர வேண்டும். முதுகலைப் பாடமாகக் கல்வியியலை எடுத்து, ஆசிரியர் சான்றிதழும் பெற வேண்டும். டெக்சாஸ் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் பயிற்சியாளராக இருப்பவர் பொதுவாக அந்தப் பள்ளி மாவட்டத்தின் முழுநேர ஊழியராக இருக்க வேண்டும் என்பதால், பலரும் வகுப்பில் பாடம் நடத்திவிட்டுத்தான் மைதானத்துக்கு வருகிறார்கள். உயிரியல் பட்டதாரிக்கு அறிவியல் ஆசிரியர் வேலை அங்கே பொருந்தி வரும். கல்லூரிக் கதவு திறக்கத் தாமதமானால் பள்ளி மைதானத்தில் மாதச் சம்பளத்தோடும் மருத்துவக் காப்பீட்டோடும் இதே தொழிலைச் செய்யலாம்.

இதைப் படிக்கும் மற்ற குடும்பங்களுக்கு ஒன்று: பிள்ளை குடியுரிமை இல்லாமல் பெற்றோரின் சார்பு விசாவில் இருந்தால், 21 வயதில் அது முடிந்துவிடும், அவர்கள் முதலில் குடிவரவு வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும்.

கடைசி ஆண்டு ஆட்டம் அவனுக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. அதை நிம்மதியாக ஆடட்டும். அமெரிக்க பேஸ்பால் பயிற்சியாளர்கள் சங்கத்தின் மாநாடு ஒவ்வொரு ஜனவரியிலும் கூடுகிறது, அங்கே வேலை தேடும் இளைஞர்களைத் தலைமைப் பயிற்சியாளர்கள் நேரில் பார்த்துப் பேசுகிறார்கள். அந்தப் பயணச் செலவை நீங்கள் கொடுங்கள். போவதற்குள் அவனுடைய இப்போதைய பயிற்சியாளரிடம் ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கச் சொல்லுங்கள். கரீபியன் கல்லூரிக்கு முன்பணம் கட்டச் சொன்ன தேதி நெருங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கட்ட வேண்டாம்.