ஆகாய கங்கைப் படிகளில் அம்மா உட்கார்ந்துவிட்டது பற்றி

கொல்லிமலையில் ஆகாய கங்கை அருவிக்கு இறங்கிய உங்கள் அம்மா, திரும்பி ஏறுகையில் பாதியிலேயே கால் நடுங்கி, தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார்; இனி எந்த மலைக்கும் வரமாட்டேன் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே மனம் கனத்தது.

அவர் பலவீனமானவர் என்று தயவுசெய்து யாரும் சொல்லிவிடாதீர்கள். மற்ற மலைகளில் தெம்பு இருக்கும்போது ஏறி, களைத்த பின் இறங்குவோம். ஆகாய கங்கையில் எல்லாம் தலைகீழ். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் இறங்கும்போதே தொடைத் தசைகள் சோர்ந்துவிடும். கடினமான ஏற்றம் அதற்குப் பிறகுதான் வருகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பயந்து அவர் காலையில் சாப்பிடவில்லை என்றும் சொல்கிறீர்கள். வெறும் வயிறு, வியர்வையில் போன உப்பு, உச்சி வெயில் மூன்றும் சேர்ந்தால் இளைஞருக்கே தலைசுற்றும்.

இருந்தாலும் முதலில் மருத்துவரிடம் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். ஏறும்போது நெஞ்சில் இறுக்கம் இருந்ததா என்றும் கேளுங்கள்; அம்மாக்கள் அதைத் தாமாகச் சொல்வதில்லை.

அடுத்த முறை இரவு மலையிலேயே தங்கி, காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு மாசிலா அருவிக்குக் கூட்டிப்போங்கள். அங்கே படிகள் மிகக் குறைவு. உப்பு சர்க்கரைக் கரைசல் கையில் இருக்கட்டும். கொல்லிமலைக் கோயிலில் இருக்கும் அறப்பளீஸ்வரரைக் கும்பிடப் போகலாம் என்று அழைத்துப் பாருங்கள், மறுக்கமாட்டார்.