"காது குத்துற மாதிரிதானே" என்கிறார்கள், அக்கா

அக்காவைக் கேளுங்கள்: இந்த மாதக் கடிதங்கள்

கேள்வி: வணக்கம் அக்கா. நான் ரப்பர் தோட்டத்தில் 30 வருஷம் பால் வெட்டியவள். இப்போது தாமான் (குடியிருப்பு) வீட்டு வாசலில் காலையில் தோசை, அப்பம் போட்டு விற்கிறேன். பின்கட்டு அறையை எட்டு மாதமாக ஒரு சோமாலியாக்காரப் பெண்ணுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். அவளுக்கு 6 வயதில் ஒரு மகள். விசா முடிந்துவிட்டது. ஊருக்குத் திரும்பினால் மாமியார் இந்தப் பிள்ளைக்கு 'வெட்டி' விடுவார் என்று அரைகுறை மலாயில் சொல்லி அழுகிறாள். பக்கத்து வீட்டு அம்மாவோ, "அது அவங்க வழக்கம், நாம காது குத்துற மாதிரிதான். அடுத்தவங்க குடும்ப விஷயத்துல தலையிடாதே, போலீஸ் வந்தா உன்னைத்தான் பிடிக்கும்" என்கிறார். இந்தப் பெண் சொல்வதை நம்பலாமா? நான் என்ன செய்வது?
வாசகி, சிலாங்கூர்

பதில்: தங்கச்சி, உங்கள் ஊரையும் தாமானையும் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்காகத்தான்.

நம்பலாம். காது குத்துவதோடு இதைச் சேர்த்துப் பேசவே கூடாது. பெண் குழந்தையின் பிறப்புறுப்பை வெட்டி எடுப்பது இது. சோமாலியாவில் பல இடங்களில் வெட்டியதோடு விடாமல், சிறு துவாரம் மட்டும் விட்டுத் தைத்தும் விடுகிறார்கள். அதற்குப் பிறகு சிறுநீர் கழிப்பதே வேதனை. மாதவிலக்கு வேதனை. பிரசவத்தில் தாயும் பிள்ளையும் சாகக்கூட நேரும். அந்த நாட்டுப் பெண்களில் 100க்கு 98 பேருக்கு மேல் இதற்கு ஆளானவர்கள். பெரும்பாலும் 5 வயதிலிருந்து 9 வயதுக்குள் செய்துவிடுகிறார்கள். உங்கள் பின்கட்டில் விளையாடும் பிள்ளைக்கு 6 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். தாயின் பயம் எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரியும்.

"அவங்க வழக்கம்" என்று சொல்லும் அந்த அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள்: சோமாலியாவின் 2012ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டமே இதைக் கொடூரமான வழக்கம், சித்திரவதைக்குச் சமம் என்று எழுதித் தடை செய்திருக்கிறது. ஆனால் ஏட்டில் இருக்கும் தடை, வீட்டுக்குள் கத்தியோடு வரும் கிழவியின் கையைப் பிடிப்பதில்லை. அதனால்தான் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறாள்.

உங்கள் கடிதத்தில் 'குடும்ப விஷயம்' என்ற இரண்டு சொற்களைப் படித்துவிட்டு நான் அன்று வேறு கடிதம் எதையும் பிரிக்கவில்லை. 1971இல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு உள்ளே ஒரு தோட்டத்து லயத்தில் எங்கள் குடும்பம் இருந்தது. இப்போது பெஸ்தாரி ஜெயா என்கிறார்கள். என் அக்காவுக்கு 15 வயது. மனைவியை இழந்த தாய்மாமனுக்கு 34 வயது. கட்டிவைத்தார்கள். மூன்றாம் நாள் இரவு அக்கா ஓடிப்போய் ஆயாக் கொட்டகையில் தொட்டில் துணிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அங்கிருந்த ஆயா விரட்டவில்லை. தன் பாயில் பாதியைக் கொடுத்தார். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன் தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோர் கண்டுபிடித்து, சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துக் கொண்டுவந்து மாமா வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். "குடும்ப விஷயம், நீங்களே பேசித் தீத்துக்குங்க." எங்கள் அப்பா தலையை ஆட்டினார். 9 வயதுப் பிள்ளை நான், மண்ணெண்ணெய் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தோட்டத்தை விட்டால் அடுத்த போலீஸ் நிலையத்துக்கு ஒன்பது மைல்.

அக்காவுக்கு நேர்ந்ததும் அந்தச் சிறுமிக்கு நேரவிருப்பதும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் மண்டோர் அன்று சொன்ன சொல்லும் உங்கள் பக்கத்து வீட்டு அம்மா இன்று சொல்லும் சொல்லும் ஒன்றுதான். அடிக்கிறவனுக்கும் வெட்டுகிறவளுக்கும் அந்தச் சொல்தான் காவல்.

இனி உங்கள் நிலைமை. மறைக்காமல் சொல்கிறேன். துன்புறுத்தலுக்குப் பயந்து ஓடி வந்தவரைக் காக்கச் சொல்லும் 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. செல்லுபடியாகும் அனுமதி இல்லாதவரைத் தன் இடத்தில் தங்கவைப்பவருக்கு 5,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்று குடிநுழைவுச் சட்டம் சொல்கிறது. ஐ.நா. அகதிகள் ஆணையம் 1975 முதல் இங்கே இயங்குகிறது. அது கொடுக்கும் அட்டையைப் பார்த்துப் பல நேரம் போலீஸ் விட்டுவிடும். ஆனால் சட்டம் தந்த உரிமை அல்ல அது. ஆகவே வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்கு நீங்கள் இருவரும் போய், உங்கள் நிலையையும் அவள் நிலையையும் தனித்தனியாகக் கேளுங்கள். அதற்கு முன் அவளை வெளியே போகச் சொல்லிவிடாதீர்கள்.

அவள் ஆணையத்தில் பதிவு செய்யவேண்டும். இதற்குக் காசு கிடையாது. "கார்டு எடுத்துத் தரேன்" என்று பணம் கேட்டு வருகிறவன் ஏமாற்றுக்காரன். நேர்காணலுக்குப் பல மாதம், சிலருக்கு வருஷக்கணக்கிலும் ஆகும். அன்று பெண் அதிகாரியும் பெண் மொழிபெயர்ப்பாளரும் வேண்டும் என்று கேட்கலாம். தன் இனத்து ஆண் ஒருவர் மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்தால் எந்தப் பெண் வாய் திறப்பாள்? ஆணையத்தின் 2002ஆம் ஆண்டு வழிகாட்டுதலே இதைச் சொல்கிறது.

"ஊரில் பிரச்சினை" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. யார் வெட்டச் சொன்னது, எந்த மாதம், என்ன வார்த்தை சொல்லி மிரட்டினார்கள், கணவன் எந்தப் பக்கம், போலீசிடம் போனாளா, போகவில்லை என்றால் ஏன், வேறு நகரத்தில் போய் வாழ முடியாதா, அங்கேயும் உறவினர் தேடி வருவார்களா, எல்லாம் கேட்பார்கள். இரவில் வேலை முடிந்த பிறகு அவளோடு உட்கார்ந்து ஒரு நோட்டில் வரிசையாக எழுதவையுங்கள். அவள் மொழியிலேயே எழுதட்டும். தாய்க்குச் சிறுவயதில் இது நடந்திருந்தால் பெண் மருத்துவரிடம் காட்டிச் சான்று வாங்கிக்கொள்வது நல்லது. பிள்ளையின் பெயரிலேயே தஞ்சம் கேட்கலாம், தாயும் கேட்கலாம். ஏற்கெனவே நடந்துவிட்டதே என்று தாயின் கோரிக்கையைத் தள்ளிவிடக் கூடாது, அந்தக் காயம் தொடர்கிறது என்றும் ஆணையத்தின் 2009ஆம் ஆண்டுக் குறிப்பில் இருக்கிறது.

பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்க்க முடியாது. அகதிகளுக்காக நடத்தும் கற்றல் மையங்கள் கோலாலம்பூர்ப் பக்கம் உண்டு. அதுவரை தோசைக் கடை ஓரத்தில் உட்காரவைத்து நீங்களே நாலெழுத்து சொல்லிக்கொடுங்கள்.

என் அக்கா இன்றும் கல்யாணத்தைப் பற்றிப் பேசமாட்டார். பாயில் பாதி கொடுத்த அந்த ஆயாவைப் பற்றி மட்டும் பேசுவார்.

கேள்வி: அக்கா, நான் சட்டம் படிக்கிறேன். இனம், மதம், நாட்டினம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழு, இந்த ஐந்து காரணங்களுக்காகத் துன்புறுத்தப்படுபவர்தான் அகதி என்று பாடத்தில் இருக்கிறது. 'பெண்' என்ற சொல் அதில் இல்லையே. பிறகு எப்படிப் பெண்கள் தஞ்சம் கேட்கிறார்கள்?
மாணவி, சுங்கை பட்டாணி

பதில்: மகளே, 1951இல் அதை எழுதியவர்கள் மனத்தில் இருந்தது அரசாங்கத்துக்கு எதிராக நின்ற மனிதர். சமையலறையில் அடிபட்டவள் அவர்கள் கண்ணில் படவில்லை. அந்த ஐந்தில் 'குறிப்பிட்ட சமூகக் குழு' என்ற கதவைத் தட்டித் தட்டித்தான் பெண்கள் உள்ளே வந்தார்கள்.

கனடா 1993இல் இதற்கென்று வழிகாட்டுதல் வெளியிட்டது, அதுதான் முதல் நாடு. அடுத்த ஆண்டு டிசம்பரில் டோகோ நாட்டிலிருந்து ஃபௌசியா கசிஞ்சா என்ற 17 வயதுப் பெண் அமெரிக்காவில் நூவர்க் விமான நிலையத்தில் இறங்கினாள். தகப்பனார் உயிரோடு இருந்தவரை மகளை வெட்டவிடவில்லை. 1993இல் அவர் இறந்ததும் அத்தை, ஏற்கெனவே மூன்று மனைவிகள் உள்ள 45 வயதுக்காரருக்கு அவளைப் பேசிமுடித்து, வெட்டவும் ஏற்பாடு செய்தார். தஞ்சம் கேட்டு வந்த பிள்ளையை ஓராண்டுக்கு மேல் சிறையில் வைத்தார்கள். அவள் பெயரைக்கூட அதிகாரி தவறாக 'கசிங்கா' என்று எழுதினார், அந்தத் தவறான பெயரிலேயே வழக்கு இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1996 ஜூனில் குடிநுழைவு மேல்முறையீட்டு வாரியம் அவளுக்குத் தஞ்சம் தந்தது. உறவினர் கையால் நடந்தாலும் அது துன்புறுத்தல்தான் என்று ஆனது.

நீ கட்டாயம் படிக்கவேண்டியது 1999இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை (அப்போது அதுதான் அங்கே உச்ச நீதிமன்றம்) தந்த தீர்ப்பு. நடத்தை கெட்டவர்கள் என்று பழி சுமத்திக் கணவன்மார் வீட்டை விட்டுத் துரத்திய இரண்டு பாகிஸ்தான் பெண்கள். அடிப்பது கணவனாக இருக்கலாம், ஆனால் பெண் என்பதாலேயே அரசாங்கம் காப்பாற்றாமல் கைவிட்டால் அவள் அகதிதான் என்றார்கள். என்னைக் கேட்டால் 'குடும்ப விஷயம்' என்ற சொல்லுக்கு நீதிமன்றம் கொடுத்த நேரடிப் பதில் அதுதான். 2024 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம், ஆப்கானியப் பெண்களுக்கு அவர்கள் பெண்கள், ஆப்கானியர்கள் என்பதே போதும், தனித்தனியாக வேறு ஆபத்தை நிரூபிக்கத் தேவையில்லை என்று சொல்லியிருக்கிறது.

இந்தத் தீர்ப்புகளுக்கு நம் நாட்டு நீதிமன்றத்தில் வழி இல்லை. நீ படித்து முடித்ததும் யாருக்காக வாதாடலாம் என்று யோசித்துப் பார்.

கேள்வி: எனக்கு 19 வயது. மாமா மகனைக் கட்டச் சொல்லி அடிக்கிறார்கள். என் ஐசியை (அடையாள அட்டையை) பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் கோயிலில் கல்யாணம்.
பெயர் வேண்டாம்

பதில்: கண்ணு, 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி 21 வயதுக்குள் உனக்குப் பெற்றோர் சம்மதம் தேவை. ஆனால் அவர்கள் சம்மதம் உன் சம்மதம் ஆகிவிடாது. அடித்தோ மிரட்டியோ ஒருவரைக் கட்டாயக் கல்யாணம் செய்யவைப்பது அதே சட்டத்தில் குற்றம், மூன்றாண்டு வரை சிறை. இருவரும் மனம் ஒப்பித்தான் வந்திருக்கிறார்கள் என்று பதிவதிகாரிக்குத் தெரிந்தால்தான் கல்யாணம் நடத்தலாம். கோயிலில் பதிவு செய்பவருக்கும் இது பொருந்தும். அவர் முன்னால் "எனக்கு இஷ்டமில்லை" என்று சத்தமாகச் சொல்.

அதுவரை காத்திருக்காதே. 15999, தாலியான் காசே என்ற அரசாங்க உதவி எண், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். அடித்ததைச் சொல். சமூகநல அதிகாரி அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்கலாம். ஐசி போனதற்குப் போலீசில் புகார் கொடுத்து, தேசியப் பதிவுத் துறையில் புதியது எடு.

எனக்கு மறுபடி எழுதும்போது உறையின் பின்னால் உன் வீட்டு முகவரியைப் போடாதே. நம்பிக்கையான தோழி வீட்டு முகவரி கொடு, பதிலைப் பத்திரிகைப் பெயர் இல்லாத உறையில் அனுப்புகிறேன்.